ஐப்பசியில் சாக்பீஸ், மாசியில் கடப்பாரை: பார்க்கிங் தரையைக் காப்பாற்றுவது எப்படி

அடுக்குமாடிக் குடியிருப்பு, கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம் என்று எங்கே பார்த்தாலும் வண்டி நிறுத்தும் தரைக்குச் சித்திரையில் செலவு செய்கிறார்கள். கார்த்திகையில் அதே இடத்தில் குழி விழுகிறது. கண்ணுக்குத் தெரிவது மேலே இருக்கும் தாரும் பேவர் பிளாக்கும். கெட்டுப்போயிருப்பது அதற்குக் கீழே இருக்கும் ஜல்லி மெத்தை. அதைக் கெடுப்பது தண்ணீர். தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்த வழியாக இறங்குகிறது என்று கண்டுபிடிக்காமல் செய்கிற பழுதுவேலை ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது.

அதனால் வேலை தொடங்க வேண்டியது மழையில். சென்னைப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஒரு நல்ல மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சாக்பீஸோடு இறங்குங்கள். எங்கெல்லாம் தண்ணீர் தேங்கி நிற்கிறதோ அதைச் சுற்றிக் கோடு போட்டுப் படம் எடுத்து வையுங்கள். மறுநாள் மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் ஈரம் விடாத விரிசல்கள் தெரியும். அவையும் கணக்கில் சேர வேண்டும். அந்த ஈரம் கீழிருந்து வருகிறது. பூச்சு வேலைக்கு வைத்திருக்கும் பத்தடி மட்டக்கோலைத் தரையில் படுக்க வைத்தால் பள்ளத்தின் ஆழம் கிடைத்துவிடும். ஆனால் குழியைத் திறந்து நிரந்தர வேலை செய்ய வேண்டியது பிப்ரவரிக்கு மேல், தரையடி ஈரம் வற்றிய பிறகு. மழைக்கு நடுவில் அவசரத்துக்குக் குழியை அடைக்கலாம். அது தற்காலிகம் என்பதை மறக்கக்கூடாது.

வாட்டம் அடுத்தது. தார்த் தரைக்கும் பேவர் பிளாக்குக்கும் ஐம்பதுக்கு ஒன்று வாட்டம் இருந்தால் தண்ணீர் நிற்காது. பத்தடிக்கு ஏறத்தாழ இரண்டரை அங்குலம். இதற்குப் பெரிய கருவி வேண்டாம், டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாய், இரு முனையிலும் நீர்மட்டம் ஒன்றாக நிற்கும்) போதும். வடிகால் வாயிலிருந்து தொடங்கிப் பத்தடிக்கு ஒரு புள்ளியாக எடுத்துக்கொண்டே போனால் எங்கே எதிர்வாட்டம் விழுந்திருக்கிறது என்று அரை நாளில் தெரிந்துவிடும். பழைய வளாகங்களில் அடிக்கடி காண்பது: இரண்டு மூன்று முறை மேலுக்கு மேல் தார் போட்டு வடிகால் வாய் கிணறு மாதிரி உள்ளே போயிருக்கும், அல்லது வாயை ஒட்டிய விளிம்பு உயர்ந்து தண்ணீர் உள்ளே போகவே வழியில்லாமல் இருக்கும். அங்கே இன்னொரு அடுக்குத் தார் போடுவது தண்ணீரை வீட்டு வாசலுக்கு அனுப்புகிற வேலை. பழையதைச் சுரண்டி எடுத்து, பழைய மட்டத்துக்கே புதிதைப் போட வேண்டும்.

சாலைக்கும் பார்க்கிங்குக்கும் உள்ள வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும். சாலையில் வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. சக்கரங்கள் தாரைப் பிசைந்து இறுக்கமாக வைத்திருக்கும். பார்க்கிங்கில் வண்டி நிற்கிறது. வெயிலில் தார் காய்ந்து, எண்ணெய்ப் பசை போய், சாம்பல் நிறமாகி நொறுங்கும். நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பும்போது டயர் மேல்தோலைத் திருகி ஜல்லியைப் பெயர்க்கிறது. இன்ஜின் எண்ணெய் ஒரே இடத்தில் நாள்தோறும் சொட்டுகிறது. மே மாத வெயிலில் பைக்கின் சைடு ஸ்டாண்டு தாருக்குள் இறங்குகிறது. இருசக்கர வண்டி வரிசைக்குத் தார் பொருந்தவே பொருந்தாது. அந்த வரிசைக்கு மட்டும் காங்கிரீட் பட்டை போட்டுவிடுவது நல்லது.

பாரத்தைப் பொறுத்தவரை பயப்பட வேண்டியது கார்களுக்கு இல்லை, தண்ணீர் லாரிக்கு. 12,000 லிட்டர் லாரி என்றால் தண்ணீரின் எடையே 12 டன். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை ஆஷோ (மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கம்) நடத்திய சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் இன்றும் கையாளும் விதி ஒன்று உண்டு: அச்சுப் பாரம் கூடினால் தரைக்கு வரும் சேதம் அதன் நான்காம் அடுக்கில் கூடும். காரின் ஓர் அச்சில் முக்கால் டன், லாரியின் பின் அச்சில் 10 டன் என்று வைத்தால் பாரம் பதிமூன்று மடங்கு. பதிமூன்றை நான்கு முறை பெருக்கிப் பாருங்கள், 28,000-ஐத் தாண்டும். லாரியின் அந்த ஒரு பின் அச்சு உருள்வது அத்தனை கார் அச்சுகள் உருள்வதற்குச் சமம். ஆகவே லாரி வரும் தடத்தை ஒரே பாதையாக வரையறுத்து, அந்தப் பாதைக்கு மட்டும் கனமான தரை போட்டால் மீதி இடம் பிழைக்கும். லாரியை வளாகத்துக்குள் விடாமல், நிலத்தடித் தொட்டிக்கு வாசலிலிருந்தே குழாய் இழுத்துவிடுவது இன்னும் மேல்.

விரிசலைப் படிக்கத் தெரிந்தால் பாதிச் செலவு மிச்சம். ஒற்றைக் கோடாக ஓடும் விரிசல் பெரும்பாலும் இரண்டு பட்டையாகத் தார் போட்ட சேர்ப்பு, அடைத்தால் போதும். பெரிய பெரிய கட்டமாக வெடித்திருந்தால் தார் வயதாகிச் சுருங்கியிருக்கிறது. அடித்தளம் இன்னும் நன்றாகத்தான் இருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னத் துண்டுகளாக, முதலைத் தோல் போல வெடித்திருந்தால் அடித்தளம் போய்விட்டது. அதன்மேல் என்ன பூசினாலும் பணம் வீண், வெட்டி எடுத்தே ஆக வேண்டும். நீளமாக, நேர்கோட்டில் அமுங்கிய பள்ளம் என்றால் அதன் கீழே யாரோ குழாயோ கேபிளோ புதைத்துவிட்டு மண்ணை அப்படியே தள்ளி மூடியிருக்கிறார்கள்.

விரிசல் அடைப்பு மிக மலிவான வேலை. எல்லோரும் ஒத்திப்போடுவதும் அதைத்தான். 3 மில்லிமீட்டருக்கு உட்பட்ட மெல்லிய விரிசல் பரவலாக இருந்து தார் வெளுத்திருந்தால், மெதுவாக உறையும் எமல்ஷனை (தாரைத் தண்ணீரில் நுண்துளிகளாகக் கலந்த திரவம்; எஸ்.எஸ்.-1 என்று கேளுங்கள்) சம அளவு தண்ணீர் கலந்து தெளிக்கலாம். சதுர மீட்டருக்கு அரை லிட்டரிலிருந்து தொடங்கி, தரை எவ்வளவு குடிக்கிறது என்று பார்த்துக் கூட்டுங்கள். ஒரு லிட்டரைத் தாண்ட வேண்டாம். அதிகமானால் மேலே வழவழப்பாக நின்று வண்டி சறுக்கும். தெளித்த பிறகு கிரஷர் தூளை மெல்லத் தூவி ஒரு நாள் முழுவதும் வண்டி விடாமல் மூடி வையுங்கள். அகலமான விரிசலுக்கு இது உதவாது. அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, புல்லை வேரோடு பிடுங்கி, காற்றடித்துத் தூசி நீக்கி, நன்றாகக் காய்ந்த பிறகு விரிசல் அடைக்கும் சூட்டுத் தாரையோ எமல்ஷனும் கிரஷர் தூளும் குழைத்த கலவையையோ உள்ளே இறக்க வேண்டும். தூசியோடு அடைத்தால் தார் தூசியைப் பிடித்துக்கொள்ளும், விரிசலின் சுவரைப் பிடிக்காது.

எண்ணெய் சொட்டிய இடத்தை மண்ணெண்ணெய் விட்டுத் துடைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து நிறுத்துங்கள். மண்ணெண்ணெயும் டீசலும் தாரைக் கரைக்கும். மரத்தூள் அல்லது காய்ந்த மணலைக் கொட்டி ஓரிரவு ஊற விட்டு, கூட்டி அள்ளி, சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே இறங்கும் அளவுக்குத் தார் இளகியிருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை; எண்ணெய்ப் பசைமேல் புதுத் தார் ஒட்டாது. இன்னொன்று: தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். கார் நிறுத்தும் தரையின் தண்ணீரை நேரே சேகரிப்புக் கிணற்றில் விட்டிருக்கும் வளாகங்கள் அந்த எண்ணெயைத்தான் நிலத்தடிக்கு அனுப்புகின்றன. மொட்டைமாடித் தண்ணீர் கிணற்றுக்குப் போகட்டும், பார்க்கிங் தண்ணீர் வடிகாலுக்குப் போகட்டும்.

இனிக் குழி. குழியில் கலவையைக் கொட்டி மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போவதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அது ஏன் பெயர்கிறது என்றால், குழியின் விளிம்பு சரிவாக இருக்கும். மெல்லிய ஓரத்தில் கலவைக்குப் பிடிமானம் கிடையாது, சக்கரம் ஏறியதும் அந்த ஓரம் முதலில் கிளம்பும். அதனால் குழியைச் சுற்றி, நல்ல தரைக்குள் அரை அடி தள்ளி, சதுரமாகவோ செவ்வகமாகவோ கோடு போடுங்கள். கட்டர் வைத்து அறுத்து, சுவர் செங்குத்தாக நிற்கும்படி வெட்டுங்கள். உள்ளே இருக்கும் சேறு, தளர்ந்த ஜல்லி எல்லாவற்றையும் உறுதியான அடி கிடைக்கும்வரை எடுங்கள். கடப்பாரையை விட்டால் ‘ணங்’ என்று சத்தம் வர வேண்டும். புதைந்தால் இன்னும் தோண்ட வேண்டும். தோண்டியதை வெட் மிக்ஸ் ஜல்லியால் (பல அளவு ஜல்லியும் தூளும் தண்ணீர் சேர்த்துக் கலந்தது) நிரப்பி, நாலு அங்குலத்துக்கு ஓர் அடுக்காகத் திமிசு (இடித்து இறுக்கும் கனமான கட்டை) போட்டு இறுக்குங்கள். ஜல்லிக் கலவையின் ஈரம் சரியா என்று பார்க்கக் கையில் பிடித்து அமுக்கினால் போதும்: உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக்கூடாது.

சுவரிலும் அடியிலும் எமல்ஷன் பூச வேண்டும். பழைய தார்ப்பரப்புக்கு வேகமாக உறையும் ஆர்.எஸ்.-1, சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம். திறந்த ஜல்லிப் பரப்பென்றால் எஸ்.எஸ்.-1, 700 கிராமிலிருந்து ஒரு கிலோ வரை, ஒரு நாள் காய விட வேண்டும். ஆர்.எஸ்.-1 பூசும்போது பழுப்பாக இருக்கும். கறுப்பாக மாறிய பிறகே கலவை போட வேண்டும். பழுப்பு நிறத்தில் இருக்கும்போதே கொட்டினால் அதிலுள்ள தண்ணீர் நடுவில் மாட்டிக்கொண்டு ஒட்டுதலைக் கெடுக்கும். குழியில் எமல்ஷன் குளமாகத் தேங்குவதும் தப்பு. மெல்லிய தோல் போதும்.

சூட்டுக் கலவை (தாரும் ஜல்லியும் சூடாகக் கலந்தது) சிறு வேலைக்குக் கிடைப்பது கஷ்டம். அதைத் தயாரிக்கும் பிளாண்டுகள் ஒரு லாரிக்குக் குறைவாகக் கொடுக்கத் தயங்கும். அதனால் பையில் வரும், சூடாக்காமலே போடக்கூடிய குளிர் கலவை நல்ல மாற்று. கணக்கு எளிது: ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், 75 மில்லிமீட்டர் ஆழக் குழிக்கு இறுகிய நிலையில் ஏறத்தாழ 170 கிலோ, 25 கிலோ பை ஏழு. இரண்டு அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் பிளேட் காம்பாக்டரால் (அதிர்ந்து இறுக்கும் தட்டு இயந்திரம்) ஓரத்திலிருந்து நடுவுக்கு இறுக்குங்கள். முடிவில் சுற்றுத்தரையைவிட ஐந்து மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கட்டும், வண்டி ஏறி அமுங்கும். கடைசியாக நாலு பக்கச் சேர்ப்பின் மேலும் எமல்ஷன் கோடு இழுத்துக் கிரஷர் தூள் தூவுங்கள். இந்தக் கடைசி வேலைக்குப் பத்து நிமிடம் ஆகும், அதைத் தவிர்த்த குழிகள்தான் அடுத்த ஐப்பசியில் சேர்ப்பு வழியாகத் தண்ணீர் குடித்துத் திரும்பத் திறக்கின்றன. தகர டிரம்மில் தாரைக் காய்ச்சிக் கையால் கிளறித் தருகிறோம் என்று வருபவர்களிடம் கவனம் வேண்டும். நீலப் புகை எழும்புமளவுக்குக் காய்ந்த தார் தன் பசையை இழந்துவிட்டது. அது போட்ட அன்றே கிழடு.

மொத்தத் தரைக்கும் புதுத் தார் போடுவதென்றால் மூன்று விஷயங்களை ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்குங்கள். கனம் ‘உருட்டிய பிறகு’ எவ்வளவு என்று எழுத வேண்டும். பரப்பும்போது 50 மில்லிமீட்டர் இருப்பது உருட்டிய பிறகு ஏறத்தாழ 40 ஆகும், விலை பேசுபவர் எதைச் சொல்கிறார் என்பதில்தான் வித்தியாசம். 1,000 சதுர அடிக்கு 40 மில்லிமீட்டர் இறுகிய தார்க்காங்கிரீட்டுக்கு ஏறத்தாழ 9 டன் கலவை ஆக வேண்டும். எடைச்சீட்டை வாங்கிக் கூட்டிப் பாருங்கள். வி.ஜி.-30 (தாரின் ஒரு தரவகை) கலவை பரப்பும்போது குறைந்தது 140 டிகிரி செல்சியஸ், ரோலர் உருட்டி முடிக்கும்போது குறைந்தது 90 டிகிரி சூடு இருக்க வேண்டும்; முள் உள்ள தெர்மாமீட்டரை லாரியிலேயே குத்திப் பார்க்கலாம். தூரத்திலிருந்து வந்து ஆறிப்போன லாரியைத் திருப்பி அனுப்பும் உரிமையையும் சேர்த்து எழுதுங்கள். மலிவாக முடிக்க 20 மில்லிமீட்டர் பிரீமிக்ஸ் கார்பெட் (மெல்லிய தார்-ஜல்லி விரிப்பு) போடுவதுண்டு. அது இடைவெளி நிறைந்த கலவை. மேலே சீல் கோட் (இடைவெளியை அடைக்கும் மேல்பூச்சு) போடாவிட்டால் சல்லடை போலத் தண்ணீரைக் கீழே விடும். சீல் கோட்டைக் குறைத்துப் பணம் மிச்சம் பிடிப்பவர்கள் மொத்தக் கார்பெட்டையும் இழக்கிறார்கள்.

பேவர் பிளாக்குக்கு வருவோம். இப்போது பல புதிய வளாகங்களில் இதைத்தான் பார்க்கிறோம், தப்பும் இதில்தான் அதிகம் நடக்கிறது. இந்தியத் தர நிர்ணயம் 15658 படி கார் மட்டும் வரும் லேசான போக்குவரத்துக்கு 60 மில்லிமீட்டர் கனம், எம்-35 தரம் (காங்கிரீட்டின் வலுவைக் குறிக்கும் எண்). லாரித் தடத்துக்கு 80 மில்லிமீட்டர், எம்-40. நடைபாதைக்கான 50 மில்லிமீட்டர் கல்லைக் கார் நிறுத்துமிடத்தில் போட்டால் உடைவது நிச்சயம். கற்களை மீன்முள் மாதிரி மாற்றி மாற்றி அடுக்குவது திரும்பும் சக்கரத்தைத் தாங்கும். நேர்வரிசை அடுக்கு அப்படியே நகர்ந்துவிடும்.

ஒரு பேவர் கல் தனியாக எந்தப் பாரத்தையும் தாங்காது. பக்கத்துக் கற்களோடு இடையிலுள்ள மணல் அதைப் பூட்டி வைக்கிறது. இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் இடுக்கும், அதில் நிரம்பிய காய்ந்த நைஸ் மணலும்தான் முழுத் தரையின் பலம். இடுக்கில் மணல் குறைந்தால் கல் ஆடும், ஆடினால் ஓரம் உடையும், அடிமணல் இடம் பெயரும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், இடுக்குகளில் மணல் கூட்டி நிரப்புவதே பேவர் தரையின் முக்கியப் பராமரிப்பு. புது இடுக்கென்றால் சதுர மீட்டருக்கு நாலு கிலோ மணல் பிடிக்கும், மேல்நிரப்பலுக்கு அதில் பாதி வைத்துக்கொள்ளுங்கள். பிரஷர் வாஷர் அடித்துக் கழுவும் வளாகங்களில் இது இன்னும் அவசியம். அந்தத் தண்ணீர் இடுக்கு மணலை அரித்து வெளியே போட்டுவிடும்.

சிமெண்ட் பாலை ஊற்றி இடுக்கை அடைக்கும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஆறு மாதம் அழகாக இருக்கும். பிறகு மயிரிழை விரிசல் விடும், அதன் வழியே தண்ணீர் உள்ளே போகும், வெளியேற வழியிருக்காது. பழுது பார்க்கக் கல்லைக் கிளப்பினால் கல்லே உடையும். எடுத்து அடுக்கக்கூடிய தரை என்பதுதானே பேவரின் பெரிய வசதி, அதையே கொன்றுவிடுகிறோம். கல்லுக்கு அடியில் கிரஷர் டஸ்ட் பரப்புவதும் இதே மாதிரித் தப்பு. டஸ்ட்டில் மாவு அதிகம். ஈரமானால் சேறாகி, வண்டி ஏறும்போதெல்லாம் இடுக்கு வழியாகச் சாம்பல் தண்ணீராகப் பீச்சும். தரையில் அப்படிச் சாம்பல் கோடுகள் காய்ந்து கிடந்தால் காரணம் இதுதான். கழுவிய எம்-சாண்ட் வேண்டும், 4.75 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்குவது.

அமுங்கிய பேவரைச் சரி செய்யும் முறை இது. பள்ளத்தைவிட இரண்டு வரிசை கூடுதலாகக் கற்களை எடுங்கள். முதல் கல்லை உடைத்தே எடுக்க வேண்டியிருக்கும், அதனால் அதே அச்சில் வார்த்த பத்து இருபது கல் கையிருப்பு எப்போதும் வேண்டும். மீதியை இரண்டு தட்டையான கம்பி வைத்து நெம்பினால் வரும். கல்லின் பக்கவாட்டில் ஒட்டிய மணலைச் சுரண்டாமல் திரும்ப அடுக்கினால் கடைசி வரிசை உள்ளே போகாது. பழைய அடிமணல் முழுவதையும் அள்ளிவிட்டு ஜல்லி மெத்தையைச் சோதியுங்கள், பள்ளம் இருந்தால் அதை ஜல்லியால் நிரப்பித் திமிசு போடுங்கள். பள்ளத்தை மணலால் நிரப்பக்கூடாது. எங்கே மணல் கனமோ அங்கே திரும்ப அமுங்கும். மணல் மெத்தைக்கு ஒன்றே கால் இன்ச் ஜி.ஐ. குழாய் இரண்டைத் தண்டவாளம் போல வைத்து, மட்டக்கோலால் இழுங்கள். அந்தக் குழாயின் வெளிவிட்டம் 42 மில்லிமீட்டர். கல் போட்டு இறுக்கிய பிறகு 30 மில்லிமீட்டரை ஒட்டி நிற்கும். 100 சதுர அடிக்கு 14 கன அடி மணல். இழுத்த மணலை மிதிக்கவும் கூடாது, இறுக்கவும் கூடாது. கற்களைச் சுற்றுத்தரையைவிட ஒரு சென்டிமீட்டர் உயர அடுக்கி, காம்பாக்டரை இரண்டு சுற்று ஓட்டி, காய்ந்த மணலைத் தூவிக் கூட்டி, மறுபடியும் ஓட்டுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை மணல் கூட்ட வேண்டும். இதற்கும் சேர்த்துக் கூலி பேசிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் ஆள் திரும்பி வரமாட்டார்.

அதே இடம் திரும்பத் திரும்ப அமுங்கினால் மணல் எங்கோ ஓடுகிறது. பெரும்பாலும் மேன்ஹோல் தொட்டியின் சுவரில் உள்ள ஓட்டை வழியாகவோ, வடிகால் சுவரின் இடுக்கு வழியாகவோ. மூடியைத் திறந்து அடியில் மணல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டையைப் பூசி அடைத்து, தொட்டியைச் சுற்றி ஓரடி அகலத்துக்கு ஜியோடெக்ஸ்டைல் துணியை மணலுக்கு அடியில் விரித்து, தொட்டிச் சுவரில் மேல் நோக்கி மடித்துவிடுங்கள். தண்ணீர் போகும், மணல் நிற்கும். அதேபோல ஓரத்துக் கெர்ப் கல் சாய்ந்திருந்தால் நடுவில் எத்தனை முறை மணல் போட்டாலும் இடுக்குகள் விரிந்துகொண்டே போகும். முதலில் கெர்ப் கல்லுக்கு வெளிப்பக்கம் காங்கிரீட் முட்டுக் கொடுங்கள்.

மரத்தை ஒட்டிய இடத்தில் கல் தூக்கிக்கொண்டிருந்தால் வேரை வெட்டாதீர்கள். தண்டைச் சுற்றி ஒரு மீட்டராவது மண்ணாக விட்டுவிட்டு, கெர்ப் கல்லைத் தள்ளி வையுங்கள். ஒரு பக்கத் தடித்த வேரை இழந்த வேம்பு அடுத்த புயலில் வண்டிகள் மேலேயே சாயலாம். 2016 டிசம்பரில் வர்தாவைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம்.

கரிசல் மண்ணுக்கு ஒரு வார்த்தை. கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கம் மண் மழையில் உப்பி வெயிலில் பிளக்கும். அங்கே மேல்தரையை எத்தனை முறை மாற்றினாலும் கீழே மண் ஆடிக்கொண்டேதான் இருக்கும். புதிதாகப் போடும்போதே கரிசலை ஒன்றரை இரண்டடி எடுத்துவிட்டு நல்ல கிரேவலை அடுக்கடுக்காக இறுக்க வேண்டும். பழைய தரையென்றால் ஓரங்களில் தண்ணீர் இறங்காமல் பார்ப்பதே செய்யக்கூடியது: செடிப் பாத்திகளைத் தரை விளிம்பிலிருந்து தள்ளி வைப்பது, மொட்டைமாடிக் குழாயைத் தரையில் விடாமல் வடிகாலில் சேர்ப்பது. இப்படிப்பட்ட மண்ணில் காங்கிரீட்டைவிடப் பேவர் பிளாக் மேல். ஆடினாலும் எடுத்து அடுக்கிக்கொள்ளலாம்.

இணையக் கேபிளுக்கோ தண்ணீர்க் குழாய்க்கோ தரையை வெட்ட அனுமதி கேட்டு வருபவர்களுக்கு ஒரு நிபந்தனை வையுங்கள். பள்ளத்தை அரை அடிக்கு ஓர் அடுக்காக, ஈரப்படுத்தித் திமிசு போட்டு மூட வேண்டும். மேல் ஓர் அடி ஜல்லியாக இருக்க வேண்டும். மேல் தார் அல்லது கல்லை, பள்ளத்தின் அகலத்தைவிட இருபுறமும் அரை அடி கூடுதலாக வெட்டித்தான் புதிதாகப் போட வேண்டும். முன்பணம் வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு மழைக்காலம் பார்த்த பிறகு திருப்பிக் கொடுங்கள்.